எந்த வீட்டையும் அத்துவிடக் கூடாது

மழைக்காலத்தில் எங்கள் மலைக்கு ஏறி வருகிறவர்கள் வாசலுக்கு வந்ததும் முதலில் தங்கள் காலைத்தான் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை அட்டை ஏறியிருக்கிறது என்று. நர்சக்கா அப்படியில்லை. வந்ததும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் சாப்பிட்டாயிற்றா, பெரியவருக்கு இருமல் நின்றதா, போன வாரம் கொடுத்த மாத்திரை தீர்ந்ததா அல்லது பரணில் கிடக்கிறதா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடிப்பார். அதன் பிறகுதான் வாசல் கல்லில் உட்கார்ந்து தோள்பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுப்பார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, ஒவ்வொரு அட்டையின் மேலும் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். அது சுருண்டு விழும்போது, "குடிச்சது போதும், போ" என்று அதனிடமும் இரண்டு வார்த்தை பேசுவார். ரத்தம் கோடாக வழிந்துகொண்டிருக்கும். அதைத் துடைக்காமலே நோட்டை விரித்து எழுத ஆரம்பித்துவிடுவார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கால்கள்தான்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுதாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. அவரைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு கேவலமான காரியத்தையும் எழுதியாக வேண்டும். எங்கள் ஊருக்கென்று நாங்களே சேர்ந்து ஒரு வைஃபை போட்டோம். எந்த வீட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் துண்டிப்பதில்லை என்று எல்லாரும் கூடி ஒத்துக்கொண்டோம். அப்படி ஒத்துக்கொண்டு தலையாட்டிய நானே, ஒரு வீட்டை யாருக்கும் தெரியாமல் துண்டித்தேன். அந்த வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஒரு காரணமாக நான் சொல்லவந்தபோது அதைக் காதில் வாங்காதவர் நர்சக்கா. அப்படியும் என்னைக் கைவிடாதவரும் அவர்தான்.

போடியிலிருந்து குரங்கணி வரை பஸ்சு வரும். அங்கிருந்து ஜீப்பு. ஜீப்பு ரோடும் முடிந்த பிறகு அரை மணி நேரம் நடந்தால் எங்கள் குடியிருப்பு. ஏலத் தோட்டத்துக்கு நடுவே முப்பத்துச் சொச்சம் வீடுகள். செல்போன் டவர் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே ஒரு பாறையில்தான். ஊருக்கு மேலே பத்து நிமிட ஏற்றத்தில் இருக்கிற அந்தப் பாறைக்குப் போன் பாறை என்றே பெயர். கல்யாணச் சேதி, சாவுச் சேதி, பரீட்சை முடிவு எல்லாம் அந்தப் பாறையில் நின்று கேட்டவைதான். காட்டுமாடு தடத்தில் நின்றால் அதுவும் இல்லை.

நான் போடியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் ஏழெட்டு வருசம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் அரை ஏக்கர் ஏலத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். அடிவாரத்தில் ஒரு கட்டடம் வரை ஃபைபர் வந்திருந்தது. அதன் மாடியில் ஒரு ஆன்டெனா தட்டு வைத்து, நேர் எதிரே எங்கள் ஊரில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் கூரையில் இன்னொரு தட்டு வைத்தால், நடுவில் கம்பியே இல்லாமல் இன்டர்நெட் மேலே வந்துவிடும். அங்கிருந்து வீடுவீடாகச் சின்னத் தட்டுகள். இது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? ஊரைக் கூட்டிச் சொல்லுகிற வாய் எனக்குக் கிடையாது. கோபம் வந்தால் மட்டும் பேசுகிற ஆள் நான்.

பேசியவர் நர்சக்கா. அடிவாரத்துத் துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராக இருந்தவர். எங்கள் ஊர் அவர் எல்லைக்குள் வந்தது. நான் திரும்பி வந்த வருசம்தான், வலி எடுத்த ஒரு பெண்ணைப் பற்றிய சேதி பாறையிலிருந்து அவருக்குப் போய்ச் சேர நேரமாகி, பிரசவம் ஜீப்புக்குள்ளேயே மூன்றாவது வளைவில் நடந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். நர்சக்காதான் நன்றாக இல்லை. "வளைவு வளைவா பிரசவம் பாக்கவா நான் படிச்சேன்" என்று ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டு கதையைச் சொன்னதும், முழுதாகக் கூடக் கேட்காமல், "ஞாயித்துக்கெழம கூட்டத்தப் போடு தம்பி, நான் வர்றேன்" என்றார்.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஸ்டோருக்குள், காய் காயவைக்கிற சூட்டில், எல்லாரும் ஏலக்காய் வாசனையோடு உட்கார்ந்திருந்தோம். தட்டு எங்கே வைப்பது, கம்பம் யார் தோட்டத்தில் நடுவது என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இதை எப்படி நடத்துவது என்பதற்குத்தான் பொழுது சாய்ந்தது. நர்சக்கா ராசிங்காபுரத்துக்காரர், விவசாயக் குடும்பம். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்து, சண்டை போட்டு, மறுபடியும் முறை வைத்துப் பழகிய ஊர். அந்தப் பழக்கத்தில் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கம்பம் நிற்கிற தோட்டக்காரர் நாளைக்கு அது என் கம்பம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? யார் போனில் என்ன பார்க்கிறார்கள் என்று இவன் ரவுட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன செய்வீர்கள்? இவன் என்று அவர் கைகாட்டியது என்னை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முடிவானதை அவரே எழுதினார். சொட்டு மருந்து விளம்பரத் தாள் ஒன்றைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில், நீல ஸ்கெட்ச் பேனாவால் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். கம்பம் யாரு எடத்துல நின்னாலும் கம்பம் ஊருக்கு. யாரு என்ன பாக்குறாங்கன்னு யாரும் பாக்கக் கூடாது. எத மாத்துனாலும் கூட்டத்துல சொல்லிட்டுத்தான் மாத்தணும். வீட்டுக்கு ஒரு ஆளு மாசம் ஒரு நாள் வேலைக்கு வரணும். இந்த வரியில்தான் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. வேலைக்கு வராதவன் வீட்டைத் துண்டித்துவிட வேண்டும் என்று ஜீப்பு டிரைவர் அண்ணன் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. "ஒங்க ஊர்லயே வாய்க்கா வெட்ட வராதவனுக்குத் தண்ணி உண்டா, நீங்களே சொல்லுங்க" என்று நர்சக்காவை மடக்கினார்.

"தண்ணி இல்லேன்னா அவன் பயிருதான் காயும். இது இல்லேன்னா அவன் வீட்டுல இருக்குற புள்ளைக்குச் சொகமில்லேன்னு எனக்குத் தெரியாமப் போயிரும். வராதவன வீட்டுக்குப் போயி நாலு வார்த்த கேளுங்க. வேணும்னா வையுங்க. அத்துவிடுறது மட்டும் வேணாம்" என்றார் நர்சக்கா. எதிர்த்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை. எந்த வீட்டையும் அத்துவிடக் கூடாது என்று கடைசி வரியாக எழுதி, அடியில் கோடு போட்டார். தாளை ஸ்டோர் சுவரில் ஒட்டினோம்.

அந்த வருசம் நாங்கள் செய்த முட்டாள்தனத்தை எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதிக நிழலும் ஆகாது. அதனால் மழைக்கு முன்னால் தோட்டத்து மரங்களின் கிளைகளைக் கழிப்போம். நிழல் கவாத்து என்போம். அந்தக் கவாத்து முடிந்த கையோடு, மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற நேரம் பார்த்து, தட்டுகளை மாட்டினோம். ஸ்டோரிலிருந்து ஒவ்வொரு வீடும் பளிச்சென்று தெரிந்தது. சிக்னல் பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி, ஆவணி மழையில் மரங்கள் துளிர்த்தன. புரட்டாசி முடிவதற்குள் பாதி ஊருக்கு இன்டர்நெட் போயிற்று. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஈரம் சொட்டுகிற இலை. நாள் முழுக்க மரத்தோடு வாழ்கிற நாங்கள், மரம் தழைக்கும் என்பதை மறந்துவிட்டோம். நர்சக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு வருசமாவது எல பாத்துட்டு மாட்டிருக்கலாம்ல" என்று வருகிறபோதெல்லாம் கேட்டார். அப்புறம் கம்பங்களை உயர்த்தினோம், சில கிளைகளைக் கழித்தோம், சரியாயிற்று. ஆனால் அதிலிருந்து ஊரில் எந்த வீட்டில் சிக்னல் போனாலும், இலை மறைக்கிறது என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருந்தது. வேறு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெருவில் போனால் "சிக்னலு வருது பார்" என்று என்னைச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு. மாசவேலைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை மனசிலேயே வைத்திருப்பேன். இரண்டாம் வருசம் என் பெரியப்பா மகன் தொடர்ந்து மூன்று தடவை வரவில்லை. எனக்கு அண்ணன். இரண்டே வயது மூப்பு, ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். தோட்டமும் அடுத்தடுத்த தோட்டம். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே எல்லையில் ஒரு பெரிய பலாமரம், அவன் வீட்டுக்கு சிக்னல் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலை நாளன்று காலையிலேயே அவனும் மதினியும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போடிக்கு இறங்கிப் போவதைப் பார்ப்பேன். கேட்டால், "ஒரு சோலிடா" என்பான், என் முகத்தைப் பார்க்காமல். ஊரே சேற்றில் கம்பம் தூக்கும்போது, இவன் புருசனும் பெண்டாட்டியுமாக டவுனுக்குப் போய் வருகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதவனை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள் என்று நர்சக்கா சொன்னது நினைவில்தான் இருந்தது. போகவில்லை. அண்ணனிடம் போய் நின்று கேட்பதைவிட லேப்டாப்பில் இரண்டு தட்டு தட்டுவது எளிது. தட்டினேன். அவன் வீடு போயிற்று.

சாயங்காலமே வந்து கேட்டான். "எல மறைக்குதுண்ணே, பலா தழைஞ்சிருச்சுல்ல" என்றேன். நாக்குக் கொஞ்சமும் குழறவில்லை.

அது ஐப்பசி. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. போன் பாறைக்குப் போகிற தடத்தில் காட்டுமாட்டுக் கூட்டம் நின்றது. நான்காம் நாள் காலையில் வெளியே வந்து பார்த்தால், அண்ணன் பலாமரத்தின் மேல் நிற்கிறான். இடுப்பில் கயிறு, கையில் அரிவாள். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் மரம் ஏற மாட்டார்கள், பாசி வழுக்கும். ஒரு கிளையை வெட்டித் தள்ளிவிட்டு மேலிருந்து கூப்பிட்டான். "தம்பி, இப்ப வருதாடா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே போய் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "வந்திருச்சுண்ணே, எறங்கு" என்று சொல்லியிருந்தால் என் பொய்கூட வெளியே தெரிந்திருக்காது. நான் சொன்னது வேறு. "இன்னும் கொஞ்சம்ணே." வராமல் போன மூன்று நாள் வேலையும் இந்த மரத்திலாவது கழியட்டும் என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் நடந்தது. இன்னொரு கிளை விழுந்தது. "இப்ப?" என்றான். "அந்த வலது பக்கத்துக் கெள" என்றேன். ஒரு தடவை அவன் கால் சறுக்கி, கயிற்றில் தொங்கி, மறுபடி கவட்டையைப் பிடித்துக்கொண்டான்.  அப்படியும் நான் வாய் திறக்கவில்லை. சொன்ன பொய்யை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து நர்சக்கா வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்தார். அன்றைக்கு யார் வாசலிலும் அவர் உட்காரவில்லை, காலைப் பார்த்துக்கொள்ளவும் இல்லை. மரத்தடிக்கு வந்ததும், "எறங்குப்பா மொதல்ல. ஒம் பொண்டாட்டிய இப்பவே கீழ கொண்டு போகணும். நாலு பேரக் கூப்புடு, நாற்காலில கம்பு கட்டு" என்றார். அண்ணன் எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை, கீழே நின்றான், ஓடினான். நர்சக்கா என் பக்கம் திரும்பினார். "ஆம்புலன்சுக்குச் சொல்லணும், ஒன் வீட்டு வைஃபைய என் போனுக்குக் குடு" என்றார். கொடுத்தேன். பேசி முடித்தார். பிறகு, "அவுக வீட்டுல ஏன் வேல செய்யல?" என்றார்.

"எல மறைக்குதுக்கா."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். என் வீட்டுப் பக்கத்தில் ஒரு இலை இல்லை. மொட்டையாக நின்றது. கவாத்து முடிந்த மாசத்தில்கூட அவ்வளவு மொட்டையாக இருந்ததில்லை. மரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல எங்கப்பா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து இணைப்பைக் கொடுத்தேன். திரும்பி வாசலுக்கு வருவதற்குள் அவர் கையிலிருந்த போன் அடுத்தடுத்து ஒலித்தது. மதினி அனுப்பியவை. நர்சக்கா ஒரு பிரஷர் பார்க்கிற மெஷினை அவளிடம் கொடுத்து, தினமும் காலையில் பார்த்து எண்ணை அனுப்பச் சொல்லியிருந்தார். மதினி ஒருநாள் தவறாமல் பார்த்து, எழுதி, அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். மூன்று காலைச் செய்திகள் போகாமல் அவள் போனிலேயே கிடந்து, இப்போது மொத்தமாக வந்து விழுந்தன. மூன்று நாளாகச் சேதி வராததால்தான் நர்சக்கா மழையில் கிளம்பி ஏறி வந்திருக்கிறார். கடைசிச் செய்தியை மட்டும் என் முன்னால் நீட்டினார். அக்கா தலை ரொம்ப வலிக்குது, கண்ணு மங்கலா இருக்கு, இவுகட்ட சொன்னா பயப்படுவாக, நீங்க வர முடியுமா என்று இருந்தது.

மதினிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று அப்படி வாய்மூடி இருப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. வயிறு தெரியத் தொடங்கியதும் வீட்டைவிட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள், வந்தாலும் மேலே போர்வை. குளிருக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். போடிக்குப் போன மூன்று நாளும் ஸ்கேன் பார்க்கப் போனவைதான். நர்சக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாற்காலியில் கம்பு கட்டி மதினியைத் தூக்கிக்கொண்டு போனோம். முன்கம்பில் அண்ணன், பின்கம்பில் நான். மழையில் அந்த அரை மணித் தடத்தில் எனக்கு முன்னால் அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மரத்தில் உரசி சட்டை கிழிந்திருந்தது. அவன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "வெரசா நட தம்பி." ஜீப்பு ரோட்டில் டிரைவர் அண்ணன் காத்திருந்தார். குரங்கணியில் ஆம்புலன்ஸ் நின்றது. அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனாலும் அழுதது. மதினி இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டாள். அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று என் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும். அவளிடமும் நான் சொல்லவில்லை.

நர்சக்கா ஊருக்குள் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வாரம் ஒன்று ஆயிற்று. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "நல்ல வேளடா, மரத்த வெட்டுனதுனால அக்காவுக்குச் சேதி போச்சு" என்றபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மறுநாளே இறங்கிப் போய் சுகாதார நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஏன் இன்னும் சொல்லவில்லை என்று நானே கேட்டேன்.

ஊசிகளை எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அவ வயித்துல புள்ள இருந்ததையே நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஒன் தப்ப மட்டும் தண்டோரா போட்டுருவேனா? ஒரு வீட்டுச் சேதிய இன்னொரு வீட்டுல சொல்றது என் சோலி இல்ல தம்பி" என்றார். எனக்கு அவள் கர்ப்பம் தெரியாதுக்கா என்றேன். அதை அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியை மூடிவிட்டு, "ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்கு. நீயா சொல்றதுன்னா நான் மேல வர்றேன். ஒன் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து சொன்னேன். துண்டித்தது, இலை என்று பொய் சொன்னது, மரத்தில் நின்றவனிடம் இன்னும் கொஞ்சம் என்றது, எல்லாவற்றையும். அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுத்துப் போக வந்தவன், அவனும் இருந்தான்.  சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டிரைவர் அண்ணன் எழுந்து, "இனிமே இவன் பெட்டியத் தொடக் கூடாது. அதோட இவன் வீட்ட மொதல்ல அத்துவிடுங்க, எப்படி இருக்கும்னு தெரியட்டும்" என்றார். ஆமாம், ஆமாம் என்று நாலா பக்கமும் குரல் வந்தது. எனக்கும் அது சரியென்றே பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

நர்சக்கா உட்கார்ந்தபடியே சுவரைக் காட்டினார். "கடைசி வரிய யாராவது படிங்க." ஒருவர் படித்தார். "அதுல ஒழுங்கா இருக்குறவன் வீட்டன்னு எழுதியிருக்கோமா?" என்று கேட்டார்.  "எனக்கும் இவன் மேல கோவந்தான். அந்தப் புள்ள அனுப்புன சேதிகள என் போன்ல பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க, அப்ப இவன அறஞ்சிருப்பேன். ஆனா இவன் வீட்டுலயும் பொண்டாட்டி புள்ளைக இருக்கு. இன்னைக்கு நாம எல்லாரும் கூடி இவன் வீட்ட அத்துவிட்டா, இவன் ஒத்தையா செஞ்சத ஊரா சேந்து செய்றோம். அம்புட்டுதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகும் முணுமுணுப்பு இருந்தது. எல்லார் கண்ணும் அண்ணன் மேல் போயிற்று. அவன் துணிப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தான். "வேலைக்கு வராதது நான். வரமாட்டேன்னு சொல்லாததும் நான்தான்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா என்னைய மரத்துல நிக்க வெச்சு வேடிக்க பாத்தேல்ல, அத மறக்க மாட்டேன்டா" என்றான்.  கடைசியாக நர்சக்காவிடம், "அவன் வீடு இருக்கட்டும்க்கா. ஆனா அந்தப் பாஸ்வேர்டுல பாதி எனக்கு வேணும்" என்றான்.

அப்படித்தான் எங்கள் ஊரில் அந்த வழக்கம் வந்தது. பாஸ்வேர்டின் முன்பாதி எனக்கு, பின்பாதி அண்ணனுக்கு. ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியாது. எதை மாற்றுவதென்றாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பெட்டி திறக்கும். முதல் ஆறேழு மாசம் அவன் என் வீட்டுக்கு வருவான், என்னோடு பேச மாட்டான். நான் என் பாதியை அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இடது உள்ளங்கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலது கையின் ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பான். தப்பாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. இப்படியே பத்து நிமிடம் போகும். என் வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைப்பாள். முதலில் குடிக்கவில்லை. ஒருநாள் நாலாவது தடவையும் தப்பாக அடித்துவிட்டு அவனே சிரித்துவிட்டான், டீயையும் எடுத்துக் குடித்தான். இதைப் போனில் நர்சக்காவிடம் சொன்னபோது அவர் அழுதார். அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது பக்கத்து மேட்டுக் குடியிருப்புகளும் எங்களோடு சேர்ந்திருக்கின்றன. நீலப் பேனா எழுத்து மங்கிப்போய், அதே வரிகளை டைப் அடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறோம். அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் இருப்பாள், என் மேல் ஏறி உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டுவாள். பலாமரம் மறுபடி தழைத்துவிட்டது. வருசா வருசம் வெயில் காலத்திலேயே அண்ணனும் நானும் சேர்ந்து கழித்துவிடுகிறோம். அவனை ஏற விடுவதில்லை நான். நான்தான் ஏறுகிறேன். அவன் கீழே நிற்கிறான்.

நர்சக்கா ஓய்வு பெற்று ராசிங்காபுரத்தில் இருக்கிறார். போன மாசம் கொஞ்சம் ஏலக்காய் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சோளக் காட்டு வரப்பில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை. நான் எடை போட்டுவிட்டேன் என்று பத்து நிமிடம் திட்டினார். அண்ணன் மகள் என்ன படிக்கிறாள், மதினிக்கு இன்னும் பிரஷர் மாத்திரை உண்டா, டிரைவர் அண்ணன் குடியை விட்டாரா என்று ஒவ்வொரு வீடாக விசாரித்தார். கிளம்புகிற நேரத்தில், இத்தனை வருசமாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "அக்கா, அன்னைக்கு மதினிக்கோ புள்ளைக்கோ ஏதாவது ஆகியிருந்தா, அப்பவும் எனக்காகப் பேசியிருப்பீங்களா?"

 அவர் வாய்க்காலில் தண்ணீர் மடை மாறிப் போவதைப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அடைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"தெரியலப்பா. அப்ப நான் எப்படிப்பட்ட ஆளா ஆயிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான, யாருக்கும் யாரு மேலயும் கோவம் இல்லாத ஒரு நாளா பாத்து, அந்த வரிய மொதல்லயே எழுதி வெச்சோம்" என்றார்.